சிங்கப்பூர்–நியூயார்க்: 15,349 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். திருச்சியில் இருக்கும் அம்மாவை வரவழைத்து இரண்டு வாரம் தன்னோடு வைத்துக்கொண்டு, அப்புறம் நியூஜெர்சியில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்கு அனுப்பி வைக்க நினைக்கிறார். ஒரு இணையதளம் சிங்கப்பூர்–நியூயார்க் தூரம் 15,349 கி.மீ., பறக்கும் நேரம் 17 மணி என்கிறது. நண்பர் ஒருவர் 16,700 கி.மீ. என்று அடித்துச் சொல்கிறார். விமான அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் நள்ளிரவு 12.30-க்குக் கிளம்பி, அதே நாள் காலை 6.10-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. இதில் எது உண்மை, விமானம் வடதுருவம் வழியாகப் போகிறதா பசிபிக் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

எல்லா எண்களும் உண்மைதான். 15,349 என்பது பூமிப் பரப்பில் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். 16,700 என்பது விமானம் உண்மையில் சுற்றிப் போகும் வழியின் நீளம். 17 மணி என்பது அந்தக் குறைந்த தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்த கணக்கு. 18 மணி 40 நிமிடம் என்பது விமானம் ஒரு நிலையத்தின் வாசலை விட்டு மறு நிலையத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும் நேரம். அவசரமாக டிக்கெட் போட வேண்டியவர் இந்தக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள், ஏனென்றால் இந்த வழித்தடத்தில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது.

நான் பல வருடம் டிஸ்பாட்ச் வேலையில் இருந்தவன். எந்த வழி, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்று விமானம் கிளம்பும் முன் கணக்குப் போட்டு, அந்தத் தாளை விமானியிடம் கொடுக்கும் வேலை. அதனால் தூரம் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே வரும் கேள்வி: தரையில் அளந்த தூரமா, காற்றில் அளந்த தூரமா? அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் 15,349 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் பூமி உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறும். கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, பிறகு ஆர்க்டிக் பனிக்கடல். அங்கே வடதுருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. பக்கத்தில் உரசிக்கொண்டு போய், மறுபக்கம் கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பவே முடியாது. தட்டை வரைபடத்தில் வடதுருவம் என்ற ஒரே புள்ளி, மேல் விளிம்பு முழுக்க ஒரு கோடாக இழுக்கப்பட்டிருக்கிறது. உருண்டையில்தான் அது புள்ளியாக இருக்கும், அதன் வழியே குறுக்காகப் போக முடியும் என்பதும் தெரியும்.

நூல் காட்டும் இந்த வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பொதுவாக இதைக் கணக்கிட சைன், கொசைன் எல்லாம் வேண்டும். ஆனால் சிங்கப்பூர்–நியூயார்க் ஜோடிக்கு மட்டும் கையாலேயே போட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 178. அதாவது உலக உருண்டையில் ஒன்று இந்தப் பக்கம் என்றால் மற்றது கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் துருவத்தைத் தாண்டிப் போகும் ஒரே நேர்கோடாக நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்க நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வழியாக மறுபக்க நிலநடுக்கோடு வரை 180 டிகிரி. அதில் சாங்கி நிலநடுக்கோட்டுக்கு மேலே 1.36 டிகிரி, கென்னடி 40.64 டிகிரி. இரண்டும் சேர்ந்து 42. 180-ல் 42 போனால் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. 138 பெருக்கல் 60, ஆக 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக 15,335 கி.மீ. வருகிறது. இணையதளம் சொல்லும் 15,349-க்கும் இதற்கும் 14 கி.மீ.தான் வித்தியாசம். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்பதுதான் அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். முதன்முதலில் இந்தக் கணக்கை ஒரு டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்து விடை வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்படியானால் விமானம் ஏன் அந்த வழியாகப் போவதில்லை? சில காரணங்கள் நாடு சம்பந்தப்பட்டவை. அந்த நேர்கோடு சைபீரியாவை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தொடுவதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ வழி ஒன்றே போதும். முன்பு ரஷ்யாவின் மேல் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானம், இப்போது வடதுருவத்தைச் சுற்றி ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்கிறது. இரண்டு நகரங்களும் ஒரு அடிகூட நகரவில்லை.

துருவ வழிக்கென்றே சில தொல்லைகளும் உண்டு. அங்கே வெளிக்காற்று பல நாட்களில் மிகவும் குளிர்ந்துவிடும். மணிக்கணக்காக அந்தக் குளிரில் பறக்கும்போது இறக்கைத் தொட்டியில் இருக்கும் எரிபொருளும் மெல்லக் குளிரும். உலகின் பெரும்பாலான இடங்களில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ வகைக்கு அது மைனஸ் 40 தான். அதனால் அமெரிக்காவிலிருந்து கிளம்பித் துருவம் வழியாகப் போகும் விமானத்துக்குத் திட்டம் போடும்போது, எரிபொருளின் வெப்பநிலை எந்த இடத்தில் எவ்வளவு இறங்கும் என்று தனியாகப் பார்ப்போம். தேவைப்பட்டால் கீழே இறங்கிக் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றில் பறக்கச் சொல்லுவோம், அல்லது வேகத்தைக் கூட்டச் சொல்லுவோம். வேகமாகப் போனால் காற்றின் உராய்வில் இறக்கை சற்றுச் சூடாகும். சூரியப் புயல் அடிக்கும் நாட்களில் துருவப் பகுதியில் வானொலித் தொடர்பு கெடும். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் இறங்குவதற்கு விமான நிலையங்களும் அங்கே குறைவு.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் காற்று.

காவிரியில் பரிசல் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அக்கரையில் நேர் எதிரே இருக்கும் படித்துறைக்குப் போக வேண்டும் என்றால் அவர் நேராகத் துழாவ மாட்டார். கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் மேலே போய், அங்கிருந்து ஓட்டத்தில் விட்டுச் சாய்வாக இறங்கி வருவார். தூரம் கூடுதல்தான், ஆனால் கை வலிக்காது, நேரமும் மிச்சம். விமானமும் அப்படித்தான். பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிகவும் பலமாக இருக்கும். மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. 1920-களில் இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். தாதெனோ என்ற இடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று கருவி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று தன் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் அவர் கண்டுபிடிப்பு வெளியுலகத்துக்குத் தெரியாமலே போனது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டித் திணறினார்கள். அவ்வளவு பொறுமையாக அளந்து வைத்த ஒரு மனிதரின் உழைப்பு யாருக்கும் எட்டாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்தக் காற்று நேரத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2020 பிப்ரவரியில் ஒரு பெரிய புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கு ஒட்டி ஆகும் பயணம் அது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனால் விமானத்துக்குள் இருந்த வேகக் கருவி வழக்கமான வேகத்தைத்தான் காட்டியிருக்கும். விமானத்துக்குத் தரை தெரியாது, தன்னைச் சுற்றியிருக்கும் காற்று மட்டும்தான் தெரியும். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், கூடவே விமானமும் சும்மா கிடைத்த தூரத்தைக் கடந்துவிடுகிறது.

இதனால்தான் எங்கள் தாளில் இரண்டு தூரங்கள் இருக்கும். ஒன்று தரைத் தூரம். மற்றொன்று ஏர் மைல், அதாவது காற்றுக்குள் விமானம் எவ்வளவு தூரம் பறந்தது என்பது. எரிபொருள் செலவாவது ஏர் மைலுக்கு ஏற்ப. விமானிக்கும் டிஸ்பாட்சருக்கும் முக்கியமான எண் அதுதான்.

இப்போது உங்கள் வழிக்கு வருவோம். ஏர்பஸ் ஏ350 விமானம் உயரத்தில் ஒலி வேகத்தில் 0.85 பங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகும். காற்றே இல்லாத வானில் 15,349 கி.மீ. போக 17 மணி நேரம் ஆகும். இணையதளத்தின் கணக்கு இதுதான். இப்போது பசிபிக் வழியாகச் சுற்றி 16,700 கி.மீ. போகிறோம், பின்னால் காற்று சராசரியாக மணிக்கு 100 கி.மீ. தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை வேகம் மணிக்கு 1,000 ஆகிறது. 16.7 மணி நேரத்தில் போய்விடலாம். 1,350 கி.மீ. கூடுதலாகப் போயும் முன்னதாகவே வந்து சேர்கிறோம். எல்லா நாளும் இவ்வளவு நல்ல காற்று கிடைக்காது, குறிப்பாகக் கோடையில் காற்று மெலிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் வழியைப் புதிதாகப் போடுகிறோம். நேற்றுப் போன வழியில் இன்று போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த இடைநில்லாச் சேவையை மறுபடி தொடங்கியபோது செய்திகளில் 16,700 கி.மீ. என்று வந்தது, உங்கள் நண்பர் அதைத்தான் படித்திருப்பார்.

முன்னால் சொன்ன அழகான விஷயம் இங்கேதான் வருகிறது. சாதாரணமாக ஒரு பக்கம் பின்காற்று என்றால் திரும்பும்போது எதிர்காற்று. லண்டனிலிருந்து நியூயார்க் போகிறவர்கள் வருவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறப்பது அதனால்தான். சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலகின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், கிழக்கே சுற்றினாலும் மேற்கே சுற்றினாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் போகும்போது சிங்கப்பூரிலிருந்து கிழக்கே, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டி, வட அமெரிக்காவின் மேல் போகிறார்கள். திரும்பும்போதும் பல நாட்களில் நியூயார்க்கிலிருந்து கிழக்கேதான் கிளம்புகிறார்கள். அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வந்து சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். இரண்டு பயணத்திலும் காற்று முதுகைத் தள்ளுகிறது. போக 18 மணி 40, வர அதே அளவு என்று அட்டவணையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரம் இருப்பதன் ரகசியம் இதுதான். உங்கள் அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார்.

சரி, பறப்பது 17 மணி, 17 மணி 40 நிமிடம் என்றால் அட்டவணையில் ஏன் 18 மணி 40? அட்டவணையில் போடுவது பிளாக் டைம். சாங்கியில் வாசலை விட்டு விமானத்தைப் பின்னால் தள்ளும் நொடியிலிருந்து, அமெரிக்காவில் வாசலில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நொடி வரை உள்ள நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் காத்திருப்பது, ஏறி இறங்கும்போது வேகம் குறைவாக இருப்பது, நியூயார்க் வானில் வரிசைக்காக வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் தாராளமாகவும் போட்டு வைப்பார்கள். அதனால் விமானம் அரை மணி, முக்கால் மணி முன்னதாக இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். அழைத்துப் போக வரும் தங்கை வீட்டுக்காரரிடம் அட்டவணை நேரத்தை நம்பாமல், அன்றைய விமானத்தின் நிலையைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

கடிகாரக் குழப்பத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்குப் புரிய வைக்க நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். நேர மண்டலம் எதையும் பார்க்காமல், போகும் பயணத்தில் கடிகார வித்தியாசம் என்ன என்று பாருங்கள்: நள்ளிரவு 12.30 முதல் அதே நாள் காலை 6.10 வரை, 5 மணி 40 நிமிடம். திரும்பும் டிக்கெட்டைப் பாருங்கள். உதாரணமாக, திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பி புதன் காலை 6.10-க்கு இறங்குகிறது என்றால் 31 மணி 40 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 37 மணி 20 நிமிடம். பாதியாக்கினால் 18 மணி 40 நிமிடம். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைந்துவிடுவதால் நேர வித்தியாசம் தானாகவே அடிபட்டுப் போகிறது. போகவும் வரவும் ஒரே மாதிரி நேரம் ஆகும் இந்த வழிக்கு இது அப்படியே பொருந்தும். மற்ற வழிகளுக்குச் சராசரி கிடைக்கும். நேர வித்தியாசம் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் வைக்கிறார்கள். சிங்கப்பூரிலும் நம் ஊரிலும் அப்படி எதுவும் இல்லை. அதனால் பயணம் அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் அந்த நள்ளிரவு விமானத்தில் போகும்போது வெளியே நடப்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். இருட்டில் கிளம்பி, ஆறு மணி நேரம் கழித்து ஜப்பான் பக்கம் விடியும். சூரியனுக்கு எதிராக ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பகல் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். வட பசிபிக்கின் மேலேயே மறுபடி இருட்டும். நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் முந்தின நாளுக்குப் போய்விடுவார். விடிவதற்கு முன்பே அமெரிக்காவில் இறங்குவார். முதல் முறை போகிறவர்களுக்கு, இரண்டு இரவு கழிந்தும் அதே தேதி என்பது மிகவும் குழப்பும். மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெளியே தெரியும் வெளிச்சத்தை வைத்துச் சாப்பிடக் கூடாது. கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

நீண்ட தூரம் பறப்பது பற்றிப் பேசும்போது இலங்கையை விட முடியாது. 1943 முதல் 1945 வரை, போர் நேரத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கத்திலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்கு குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. சுமார் 5,600 கி.மீ. தூரம், நடுவில் எங்கும் இறங்காமல். வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கி.மீ.தான், அதனால் காற்றைப் பொறுத்து 27 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரம் வரை ஆகும். எதிரியின் காதில் விழக் கூடாது என்பதால் வானொலியில் பேசாமல், நட்சத்திரத்தைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்தவர்கள் என்று அந்தப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். உங்கள் அம்மா போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தையே கடக்க அப்போது ஒரு நாளுக்கு மேல் ஆனது.

எரிபொருள் பாரம் இன்றைக்கும் அதே பிரச்சினைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் முதன்முதலில் நியூயார்க் பக்கத்தில் உள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாமல் பறந்தபோது நான்கு இன்ஜின் ஏ340-500 விமானத்தைப் பயன்படுத்தியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தியது. இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்த பிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. கென்னடிக்கு 2020 நவம்பரில் தொடங்கியது. இந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் சுமார் 130 டன். விமானம் கிளம்பக்கூடிய மொத்த எடையே 280 டன். ஏறக்குறைய பாதி எரிபொருள்தான்! முதல் சில மணி நேரம் எரிவதில் பெரும் பங்கு, பின்னால் எரியப்போகும் எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. பாரம் குறையக் குறைய விமானம் படிப்படியாக மேலே ஏறும். அவ்வப்போது இன்ஜின் சத்தம் சற்றுக் கூடி, விமானம் லேசாக நிமிர்வது தெரிந்தால் அது இந்தப் படியேற்றம்தான், பயப்பட வேண்டியதில்லை. போய்ச் சேரத் தேவையானதற்கு மேல், எதிர்பாராத காற்றுக்கு ஒரு பங்கு, வேறு விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டால் அங்கே போக ஒரு பங்கு, அதற்கும் மேல் கடைசியாக 30 நிமிடம் பறக்க ஒரு பங்கு என்று கட்டாயமாக வைத்திருப்போம். அந்தக் கடைசி முப்பது நிமிடத்தில் கை வைக்கும் நிலை வரவே கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம்.

இந்தப் பாரத்தால்தான் அந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டும், அதில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அதே நிறுவனத்தின் சாதாரண ஏ350 நீள்தூர விமானத்தில் 253 பேர் உட்காருகிறார்கள். டிக்கெட் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்தால், அதற்கு இதுதான் பதில்.

அதனால் உங்கள் அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். உங்களோடு இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்பதால் மட்டுமே சிங்கப்பூர் வழி பொருத்தம். தூரக் கணக்கில் பார்த்தால் இது பெரிய சுற்று. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., அங்கிருந்து 15,349, மொத்தம் 18,300-க்கு மேல். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நூல் பிடித்தால் 13,500 கி.மீ.தான். துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் 2,930, துபாய்–நியூயார்க் 11,020, மொத்தம் 13,950. நேர்கோட்டைவிட 450 கி.மீ. மட்டுமே கூடுதல். துபாயும் தோஹாவும் நம் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு வசதியாக அமைந்திருப்பதற்கு, அவற்றின் வழியாகப் போனால் சுற்று இவ்வளவு குறைவாக இருப்பதுதான் காரணம். ஊருக்குத் திரும்பும்போதாவது நியூயார்க்கிலிருந்து இந்த வழியாக நேராகத் திருச்சிக்குப் போகலாமா என்று யோசியுங்கள். அப்போதும் உலகச் சுற்று முழுதாகிவிடும், அம்மாவின் கால்களுக்கும் நல்லது.

சிங்கப்பூரிலிருந்தே போவது என்றால் பிராங்க்ஃபர்ட்டில் நின்று கென்னடிக்குப் போகும் விமானமும் இருக்கிறது. தூரம் சுமார் 16,500 கி.மீ., இடைநில்லா வழியின் பெருவட்டத் தூரத்தைவிட 1,100-தான் கூடுதல். நேரம் ஐந்து மணிக்கு மேல் கூடும். ஆனால் அதில் எகானமி இருக்கிறது, நடுவில் இறங்கி நடக்கலாம். அறுபதைத் தாண்டியவர், கால் வீங்கும் வழக்கம் உள்ளவர் என்றால் நான் இதைத்தான் விரும்புவேன். பதினெட்டரை மணி நேரம் ஒரே இடத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. எதில் போனாலும் நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை எழுந்து பின்பக்கம் வரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவது நம் அம்மாக்களின் வழக்கம், ஓர இருக்கை அதற்காகத்தான். அழுத்தக் காலுறை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைநில்லா விமானம்தான் என்று முடிவு செய்தால், கென்னடிக்குப் போடாமல் நெவார்க்குக்குப் போடுங்கள். பெருவட்டத் தூரத்தில் இரண்டுக்கும் 5 கி.மீ.தான் வித்தியாசம், நெவார்க் 15,344. ஆனால் நெவார்க் நியூஜெர்சி மண்ணிலேயே இருக்கிறது. கென்னடியில் இறங்கினால் தங்கை வீட்டுக்காரர் நியூயார்க் நகரத்தைக் குறுக்கே தாண்டி வந்து, காலை நேர நெரிசலில் திரும்பக் குறுக்கே போக வேண்டும். அந்தச் சாலையில் ஒரு மணி நேரமாகுமா மூன்று மணி நேரமாகுமா என்று எந்தத் தாளிலும் கணக்குப் போட முடியாது.